சிப்பிகாட்டில் உறைபனி எப்போது?

மங்கையர்க்கரசிக்குப் பத்து வயது. மனதில் தோன்றியது வாய்க்கு வந்துசேர ஒரு நொடிகூட ஆகாது. அதனால் அவளுக்குப் பல தடவை சங்கடம் வந்திருக்கிறது. ஆனால் 1973-ம் வருடம் கார்த்திகை மாதம் வந்த சங்கடம் அவளுக்கு மட்டும் வரவில்லை. பாவம், நீலாவதிக்கும் சேர்த்து வந்தது.

அன்று போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பிகாட்டில் ஒரே மழை. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை மேல் மழை கொட்டிய சத்தத்தில் பாடமே காதில் விழவில்லை. நாகரத்தினம் டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"சரி, பாடம் வேண்டாம். ஒவ்வொருத்தரா உங்க வீட்டிலே சமைக்கிற ஒரு கீரை பேரைச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லணும்!"

முருங்கைக் கீரை வந்தது. பசலைக் கீரை வந்தது. பெங்காலிப் பையன் ஒருவன் "கல்மி சாக்!" என்று கத்தினான். கடைசி பெஞ்சில் நீலாவதி எழுந்து நின்றாள். போன வருஷம்தான் இலங்கையிலிருந்து இராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து மெட்ராஸ் போய், கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்த குடும்பம் அவளுடையது. அதிகம் பேச மாட்டாள்.

"சாமந்திக் கீரை" என்றாள் நீலாவதி.

"பூவையா திங்கிறீங்க? அப்போ சாமிக்கு என்னடி போடுவீங்க, புல்லா?" என்றாள் மங்கை.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சொக்கலிங்கம் ஆடு மாதிரி "மே!" என்று கத்தினான்.

"பூ இல்லை, இலை. அது வேற சாமந்தி" என்றாள் நீலாவதி.

"அப்படி ஒரு கீரை கிடையாதும்மா. வேற எதையோ நினைச்சுச் சொல்றே" என்றார் டீச்சர். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் டீச்சரே சொன்ன பிறகு யார் நம்புவார்கள்? மறுநாள் நீலாவதி வகுப்புக்குள் நுழைந்ததும் முப்பது ஆடுகள் கத்தின. அதற்கு அடுத்த இரண்டு நாளும் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவேயில்லை.

மங்கைக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் குடையை எடுத்துக்கொண்டு நீலாவதி வீட்டுக்குப் போனாள்.

நீலாவதியின் அம்மா அன்னம்மாள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நீலாவதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வயித்து வலின்னு சொல்லுது புள்ள" என்றார் அன்னம்மாள்.

"அத்தை, சாமந்திக் கீரைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா?"

அன்னம்மாள் சிரித்தபடி உள்ளே போய், ஒரு சின்ன மருந்துப் புட்டியைக் கொண்டுவந்தார். அடியில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் பொடி விதைகள் கிடந்தன.

"நுவரெலியாவிலே துரை பங்களாவிலே ஒரு சீனாக்காரர் சமையல் பண்ணிக்கிட்டு இருந்தாரு. அவர் குடுத்த விதை. நாங்க இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால வருஷா வருஷம் போடுவோம். இங்கேயும் போன மாசியிலே போட்டேன். நாலு விரல் உசரம் வளர்றதுக்குள்ளே பூத்து, நாராப் போயிடுச்சு. இவ்வளவுதான் மிச்சம்."

"ஏன் மாசியிலே போட்டீங்க?"

"உறைபனி முடிஞ்சுதானே போடணும்? எங்க மலைப் பக்கம் மாசி பாதியிலே உறைபனி நின்னுடும். அதுக்கு முந்திப் போட்டா குருத்தெல்லாம் கருகிப்போகும்."

"உறைபனின்னா என்ன அத்தை?"

"விடியக்காலையிலே பார்த்தா புல்லு மேலே உப்புத் தூவின மாதிரி இருக்கும். வாளித் தண்ணி மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். தட்டினா உடையும்."

மங்கையின் கண்கள் விரிந்தன. "அது சிப்பிகாட்டிலே எப்ப வரும்?"

அன்னம்மாளின் கையிலிருந்த கத்தி நின்றது.

"அட, ஆமா! நான் பார்க்கவே இல்லையே. விடியறதுக்குள்ளே வந்துட்டுப் போயிடுதோன்னு இருந்துட்டேன்."

சுவர்ப் பக்கம் படுத்திருந்த நீலாவதி திரும்பினாள். "வந்தா என்ன, வராட்டி என்ன? அந்தக் கீரை முளைச்சு எல்லாரும் கண்ணாலே பார்க்கிற வரைக்கும் நான் பொய்க்காரிதான். ஸ்கூலுக்குப் போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

அன்னம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மங்கை நடந்ததையெல்லாம் சொன்னாள். "முதல்லே கேலி பண்ணினது நான்தான் அத்தை" என்று முடித்தாள்.

அன்னம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "கேலி பண்ணியாச்சு. இப்ப என்ன பண்ணப் போறே?"

"முளைக்க வைக்கிறேன்."

அன்னம்மாள் விதைகளில் பாதியை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுத்தார். "பாதியை வச்சுக்க. தப்பாப் போனா இன்னும் பாதி இருக்கு. அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். கடல் தாண்டிப் போய்க் கேக்கறதுக்கு அங்க இப்ப நமக்கு ஆள் இல்லை."

திங்கட்கிழமை அன்னம்மாள் மகளைக் கையோடு இழுத்துவந்து பள்ளிக்கூடத்தில் விட்டார். நீலாவதி சொன்னபடியே செய்தாள். டீச்சர் பெயர் கூப்பிட்டபோது கையை மட்டும் தூக்கினாள். கேள்வி கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். மத்தியானம் கிணற்றுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மங்கையோ ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

"அப்பா, நம்ம ஊருக்கு உறைபனி எப்ப வரும்?"

அப்பா குழந்தைவேலு அரசாங்கப் பண்ணையில் வேலை பார்ப்பவர். முதுகுளத்தூர் பக்கத்து ஆள். வெயிலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வளர்ந்தவர். "உறைஞ்ச தண்ணியா? ஐஸ் பேக்டரியிலே பார்த்திருக்கேன். மீனுக்குப் போடுவாங்க" என்றார்.

பக்கத்து வீட்டு பெங்காலிக்காரரைக் காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஹிந்தியில் கேட்டாள். "பரஃப்? யஹாங்?" என்று அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பனிக்கட்டிக்காக அலைகிற இந்தப் பெண்ணுக்கு ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உறைபனி வராது என்பது உறுதியாகிவிட்டது. மங்கை துள்ளிக் குதித்தாள். உறைபனியே இல்லை என்றால் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கே விதைக்கலாம்!

மழை விட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. கொல்லையில் மண்ணைக் கொத்தி, தன் பங்கு விதைகள் முழுவதையும் தூவினாள். நாலாம் நாள் ஊசி முனை மாதிரி பச்சை எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் நீலாவதியை இழுத்து வந்து காட்டினாள். நீலாவதி முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். "இருபத்தேழு!" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அன்று இரவு புயல் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் கொல்லையில் குழம்பு மாதிரி சேறு மட்டும்தான் இருந்தது. தப்பித்த இரண்டு செடிகளைக் கை அகல நத்தை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் சண்டைக் காலத்தில் கொண்டுவந்து விட்டதாக ஊரில் சொல்வார்களே, அந்த நத்தை.

மங்கை அழுதாள். பிறகு நீலாவதியிடம் போய், "எல்லாம் போச்சு. அவசரப்பட்டுட்டேன்" என்றாள். நீலாவதி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மங்கைக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்ற அன்னம்மாளிடம் திரும்பினாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். உறைபனி அந்தச் செடியை என்ன பண்ணும்?"

"சொன்னேனே, சின்னச் செடியைக் கருக்கிடும்."

"அது முடிஞ்ச பிறகு சீக்கிரமா ஏன் போடணும்? மெதுவாப் போட்டா என்ன?"

"சூடு வந்துட்டாப் பூத்துடும். பூத்துட்டா இலையைத் திங்க முடியாது. குளுமை போறதுக்குள்ளே நாப்பது நாள் கிடைக்கணும்."

மங்கை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொசு கடித்ததுகூடத் தெரியவில்லை.

"நீலா! செடிக்கு உறைபனி வேணும்னு இல்லை. அது ஒழியணும்னுதான் உங்க ஊர்லே காத்திருந்தாங்க. இங்கே செடியைக் கொல்றது உறைபனி இல்லை, மழை. நாம கடைசி உறைபனிக்குக் காத்திருக்க வேண்டாம். கடைசி மழைக்குக் காத்திருக்கணும்!"

நீலாவதி யோசித்தாள். "சரி. கடைசி மழை எது?"

மறுபடியும் சிக்கல். மங்கை அப்பாவைக் கேட்டாள்.

"மழை என்ன சொல்லிட்டா போகும்? நம்ம ஊரா இருந்தாச் சொல்லிடுவேன். இந்தத் தீவு மழை நம்ம பஞ்சாங்கத்துக்கு அடங்காது" என்றார் அப்பா. அதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. தீவுக்கு வந்த முதல் வருஷம், ஊர் வழக்கப்படி ஆடி மாதம் கத்தரி விதைத்தவர் அவர். விதை, பாத்தி, எரு எல்லாம் ஒரே இரவில் ஓடைக்குப் போய்விட்டன. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"மழையைக் கணக்கு வச்சு எழுதறவங்க யாரும் இல்லையாப்பா?"

"ஏன் இல்லை? போர்ட் பிளேர்லே வானிலை ஆபீஸ் இருக்கே. தினமும் அளந்து எழுதுறாங்க."

அதன் பிறகு அப்பாவை அவள் தூங்க விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பண்ணை லாரி காய்கறி ஏற்றிக்கொண்டு போர்ட் பிளேர் போனபோது, பூசணிக்காய்களுக்கு நடுவில் மங்கையும் உட்கார்ந்திருந்தாள்.

வானிலை ஆபீஸில் பரமசிவம் என்ற ஒல்லியான மனிதர் இருந்தார். யாரும் வராத ஆபீஸ். அதனால் ஒரு சின்னப் பெண் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

"சார், கடைசி உறைபனி விழுந்த தேதி எழுதின நோட்டு இருக்கா?"

"இங்கேயா? அதுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாதும்மா!"

"தெரியும் சார். சும்மா உறுதி பண்ணிக்கிட்டேன். எனக்குக் கடைசி மழைத் தேதிதான் வேணும்."

"எந்த வருஷத்துக்கு?"

"இந்த வருஷத்துக்கு."

பரமசிவம் வாய்விட்டுச் சிரித்தார். "அது எனக்குத் தெரிஞ்சா என்னை டெல்லிக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க. நடந்த மழையைத்தான் எழுதுவேன். வரப்போற மழை எனக்கும் தெரியாது."

மங்கையின் முகம் தொங்கிப்போனது. திரும்பி நடந்தவள் வாசற்படியில் நின்றாள். நுவரெலியாவிலும் உறைபனி சொல்லிவிட்டா போகும்? அப்படியும் அன்னம்மாள் அத்தை மாசி பாதி என்று எப்படிச் சொன்னார்? பல வருஷம் பார்த்துப் பார்த்துத்தானே சொல்லியிருக்கிறார்!

"சார்! நடந்த மழை போதும். பத்து வருஷத்துக்குச் சொல்லுங்க. ஒவ்வொரு வருஷமும் கடைசியாப் பெரிய மழை எந்தத் தேதி பெஞ்சுது?"

பரமசிவம் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த நோட்டுகளைத் தூசி தட்டி எடுத்தார். அவர் படிக்கப் படிக்க மங்கை எழுதினாள். டிசம்பர் 9. டிசம்பர் 21. டிசம்பர் 16. ஒரு வருஷம் நவம்பர் கடைசியிலேயே நின்றிருந்தது. ஒரு வருஷம் ஜனவரி 3 வரைக்கும் இழுத்திருந்தது.

"ராத்திரி எப்ப சார் குளுகுளுன்னு இருக்கும்?"

"இங்கே குளிருன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. ஜனவரி, பிப்ரவரியிலே கொஞ்சம் இதமா இருக்கும். மார்ச்சிலே சுட ஆரம்பிச்சுடும்."

அன்று சாயங்காலம் மங்கையும் நீலாவதியும் அந்தப் பத்துத் தேதிகளையும் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

"முக்கால்வாசி வருஷம் டிசம்பர் இருபத்தொண்ணுக்குள்ளே நின்னுடுது. இருபத்திரண்டாம் தேதி போட்டுடலாமா?" என்றாள் நீலாவதி.

"நிறைய விதை இருந்தாப் போடலாம். நம்மகிட்டே ஒரு சிட்டிகைதானே இருக்கு? இருக்கிறதிலேயே பிந்தின தேதியைத் தாண்டிப் போடுவோம். ஜனவரி நாலு!"

நீலாவதி விரல் விட்டு எண்ணினாள். "நாப்பது நாள்... பிப்ரவரி நடு. சூட்டுக்கு முந்தி முடிஞ்சுடும்!"

"அதுக்கு மேலேயும் மழை வந்தா?" என்றாள் மங்கை.

"தரையிலே போட்டாத்தானே அடிச்சுட்டுப் போகும்? தகரத்திலே போடுவோம். மழை வந்தா ரெண்டு பேருமாத் தூக்கிட்டு உள்ளே ஓடிடலாம்."

யோசனை நல்லதுதான். ஆனால் காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். டிசம்பர் இருபதுக்கு மேல் வானம் பளிச்சென்று ஆனது. சுள்ளென்று வெயில் அடித்தது. அப்பாவே, "இன்னும் என்னம்மா? போட்டுட வேண்டியதுதானே?" என்றார். மங்கைக்குக் கை அரித்தது. ஒரு நாள் மீதி விதை இருந்த புட்டியின் மூடியைத் திறந்துகூட விட்டாள். நீலாவதி புட்டியின் மேல் கையை வைத்தாள். மங்கை மூடிவிட்டாள்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மேகம் கறுத்தது. மறுநாள் சாயங்காலம் வரை கொட்டித் தீர்த்தது. காகாவின் முள்ளங்கி நாற்றெல்லாம் மிதந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜனவரி நாலாம் தேதி காலையில், பாதியாக வெட்டி அடியில் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடைசிச் சிட்டிகை விதையை நீலாவதி தூவினாள். மங்கை தண்ணீர் தெளித்தாள். தகரத்தை நாலு செங்கல் மேல் ஏற்றிச் சுற்றிலும் சாம்பல் கொட்டினார்கள், நத்தைக்குத்தான். அப்படியும் தைரியசாலி நத்தைகள் இரண்டொன்று வரத்தான் செய்தன. அவற்றை வாளியில் பிடித்து, காகாவின் வாத்துகளுக்குப் போட்டார்கள்.

முப்பத்தொரு செடிகள் முளைத்தன. இலை விரிந்தபோது மங்கை மூக்கை வைத்து முகர்ந்தாள். சாட்சாத் சாமந்தி வாசனை! இலையும் சாமந்தி இலை மாதிரியே கிழிந்து கிழிந்து இருந்தது. ஆனால் பூ ஒன்றுகூட இல்லை. தளதளவென்று முழங்கை உயரம் வளர்ந்தன.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அன்னம்மாள் விதைக்காக ஆறு செடிகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளினார். தேங்காய்ப் பூ போட்டுப் பொரியல் செய்து ஒரு தூக்கில் அடைத்துக் கொடுத்தார். கிளையோடு ஒரு கொத்து இலையையும் வாழை நாரால் கட்டிக் கொடுத்தார்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "நீலாவதி" என்றார்.

"உள்ளேன் டீச்சர்" என்றது ஒரு குரல்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. நீலாவதி எழுந்து முன்னால் வந்து, இலைக் கொத்தை மேஜை மேல் வைத்தாள்.

"இதுதான் டீச்சர் சாமந்திக் கீரை. எங்க வீட்டிலே சமைக்கிறது."

டீச்சர் இலையைக் கசக்கி முகர்ந்தார். தூக்கைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார்.

"அப்படி ஒரு கீரை கிடையாதுன்னு சொன்னேன் இல்லையா? நான் சொன்னது தப்பு. நீ சொன்னதுதான் சரி."

மங்கை எழுந்தாள். "நான் கேலி பண்ணினதும் தப்பு டீச்சர்."

அவ்வளவுதான், தூக்கைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சொக்கலிங்கம் முதலில் ஒரே ஒரு இலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு கை அள்ளினான். மூன்றாவது தடவை கையை விட்டபோது, "ஆடுதான் கீரையை இப்படி மேயும்" என்றாள் நீலாவதி. வகுப்பே சிரித்தது. சொக்கலிங்கமும் வாய் நிறையக் கீரையோடு சிரித்தான்.

மங்கைக்கு ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. தூக்கின் அடியில் கடுகுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. அம்மா உனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்காங்க" என்றாள் நீலாவதி.

சாயங்காலம் அன்னம்மாள் தட்டு நிறைய வைத்தார். எத்தனை நாள் ஏக்கம்! மங்கை ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் நீலாவதி, அவள் முகத்தையே பார்த்தபடி.

மங்கை கஷ்டப்பட்டு விழுங்கினாள். "உண்மையைச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"வேப்பங்கொழுந்தையும் கற்பூரத்தையும் சேர்த்து அரைச்ச மாதிரி இருக்குடி!"

அன்னம்மாள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். நீலாவதி மங்கையின் காதருகே குனிந்தாள்.

"எனக்கும் பிடிக்காது. அம்மா பார்க்காதப்போ தம்பி தட்டுக்குத் தள்ளிடுவேன்."

மங்கை வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! பிடிக்காத கீரைக்கா இத்தனை நாள் ஸ்கூல்லே வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"பிடிக்கும்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் நீலாவதி. "இருக்குன்னுதானே சொன்னேன்!"